சொந்தக் கதையா, ஊர்க் கதையா? சமூகவியல் கற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமூகவியல் வகுப்பில் முதல் வாரத்திலேயே வந்து விழும் கேள்விகள் இவை. கல்லூரி மாணவர்கள் கேட்பது பாதி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்பது கொஞ்சம். மீதி, "இதெல்லாம் படிச்சு என்னத்துக்கு ஆகப்போகுது" என்று வீட்டில் கேட்கப்படுபவை. சில பதில்கள் நீளம், சில ஒரு பத்தியோடு சரி.

சமூகவியல் கற்பனை என்றால் சுருக்கமாக என்ன?

ஒருவர் வாழ்க்கையில் நடப்பதையும், அவர் வாழும் காலத்தில் சமூகத்தில் நடப்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற பழக்கம். ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் அடிப்படை. அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959ல் இதே தலைப்பில் வெளியிட்ட புத்தகத்தால் இந்தப் பெயர் நிலைத்தது.

அவர் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். ஒருவருடைய குணம், முயற்சி, அவருக்கு நெருக்கமான நாலு பேர் ஆகியவற்றோடு முடிந்துபோவது தனிப்பட்ட தொல்லை. அந்த எல்லையைத் தாண்டி, சமூகம் அமைந்திருக்கும் விதத்திலிருந்தே கிளம்புவது பொதுப் பிரச்சினை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எது எது என்று பிரிக்கத் தெரிவதில்தான் விஷயமே இருக்கிறது.

யார் இந்த மில்ஸ்?

1916ல் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கோட்டும் டையுமாகச் சக பேராசிரியர்கள் வந்த இடத்துக்கு பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். சண்டைக்காரர் என்றே பெயர். அந்தக் காலத்தில் அமெரிக்கச் சமூகவியலின் பெரிய தலையான டால்காட் பார்சன்ஸின் நீண்ட, யாருக்கும் புரியாத பத்திகளை எடுத்துப் போட்டு, "இவர் சொல்ல வந்தது இவ்வளவுதான்" என்று சில வரிகளில் சுருக்கிக் காட்டினார். அதைப் படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். 1962ல் மாரடைப்பில் இறந்தார், வயது 45. 1990களின் இறுதியில் சர்வதேச சமூகவியல் சங்கம் தன் உறுப்பினர்களிடம் 20ஆம் நூற்றாண்டின் முக்கியப் புத்தகங்கள் எவை என்று கேட்டபோது, ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் புத்தகத்துக்கு அடுத்தபடியாக மில்ஸின் இந்தப் புத்தகம்தான் வந்தது.

உதாரணம் சொல்லி விளக்குங்களேன்.

மில்ஸ் சொன்ன உதாரணத்திலேயே தொடங்கலாம். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால், அவருடைய திறமை என்ன, ஒழுங்காக வேலை தேடினாரா என்று பார்ப்பது நியாயம். 5 கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடி பேருக்கு வேலை இல்லை என்றால்? ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வைத்துப் புத்தி சொல்லி அதைத் தீர்க்க முடியாது. வாய்ப்புகளின் அமைப்பே குலைந்து கிடக்கிறது.

இதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரலாம். 2022ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும் என்கிற அந்தத் தேர்வை பி.இ. படித்தவர்களும் எம்.எஸ்சி. படித்தவர்களும் எழுதினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாகிறது. பகலில் உணவு டெலிவரி. ராத்திரியில் பழைய வினாத்தாள். கல்லூரியில் நான்கு அரியர் வைத்திருந்தான், கடைசி செமஸ்டரில் ஒருவழியாக எழுதித் தீர்த்தான். வீட்டில் எப்போது பேச்சு எழுந்தாலும் அப்பா அதில்தான் போய் நிற்பார்: "அன்னைக்கே ஒழுங்கா படிச்சிருந்தா இன்னைக்கு இப்படித் தெருத்தெருவா அலையணுமா?" பையனிடம் பதில் இல்லை. அரியர் வைத்தது உண்மைதானே.

இப்போது அதே பையனின் கதையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம். அவன் தாத்தா காலத்தில் பொறியியல் கல்லூரி என்றால் மாநிலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். 1980களின் நடுவில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 1991க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 2000ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்கா போய் வந்து மாடி வீடு கட்டினான். 2001ல் வங்கிகளுக்குப் பொதுவான கல்விக்கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கவில்லை. 2007ல் நுழைவுத் தேர்வு போனது. 2010லிருந்து முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை. பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. "என் பிள்ளை இன்ஜினியர்" என்று சொல்ல ஒரு விவசாயிக்கோ பெயின்டருக்கோ முதல்முறையாக வழி கிடைத்தது. இது பெரிய விஷயம். கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு முன்பே பட்டம் வாங்கிய குடும்பத்துக்காரர்கள்.

ஆனால் பட்டங்கள் பெருகிய வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. ஆள் எடுத்த கம்பெனிகளும் 2008 அமெரிக்க நெருக்கடி மாதிரி எங்கோ ஒரு கண்டத்தில் காற்று மாறினால் இங்கே கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதை நிறுத்தின. பிறகு இடங்கள் காலியாகக் கிடந்தன. பல கல்லூரிகள் மூடப்பட்டன. இடையில் படித்து வெளியே வந்த பையன்கள் கடனோடு நின்றார்கள்.

நான்கு அரியர் என்பது இந்தக் கதையில் ஒரு வரி. அப்பாவுக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அப்படியானால் படிக்காதவனுக்கும் பொறுப்பில்லாதவனுக்கும் இது ஒரு சாக்குதானே?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும்; வரவும் வேண்டும்.

டவுன் பஸ் ஒன்று ஸ்டாண்டுக்குள் நுழைகிறது. சீட் 50, காத்திருப்பவர்கள் 200 பேர். ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர் சுறுசுறுப்பானவர்தான். மறுக்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்ததால் சீட் 51 ஆகவில்லை. 200 பேருமே துண்டு போடப் பழகினாலும் 150 பேர் நிற்கத்தான் வேண்டும். யார் உட்கார்ந்தார் என்பதற்குப் பதில் ஆளிடம் இருக்கிறது. ஏன் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதற்கான பதில் போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்குச் சொல்வதுதான் தப்பு. பையன் இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம், சரி. அப்படிப் படித்திருந்தால் அவன் இடத்தில் வேறொரு வீட்டுப் பையன் டெலிவரி பையைத் தூக்கியிருப்பான்.

இன்னொரு பக்கமும் உண்டு. "எல்லாம் சிஸ்டம்" என்று கையை விரித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பாதி வழியோடு நின்றுவிட்டார்கள். ஆளிலிருந்து சமூகத்துக்குப் போவது சுலபம், இரண்டு புத்தகம் படித்தால் வந்துவிடும். அங்கிருந்து திரும்பி, இந்தக் குறிப்பிட்ட ஆளிடம் வந்து, இவருக்கு முன்னால் இருந்த வழிகள் எவை, அதில் இவர் ஏன் இதைப் பிடித்தார் என்று சொல்வதுதான் கடினம். என்னைக் கேட்டால், மில்ஸின் பெயரைச் சொல்லி எழுதப்படும் பல கட்டுரைகள் திரும்பி வருவதே இல்லை.

தலையெழுத்து என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதுவும் ஒன்றா?

இரண்டுமே "இது உன் கையில் மட்டும் இல்லை" என்கின்றன. அதுவரை ஒற்றுமை. தலையெழுத்து என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. இங்கே அதற்குப் பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது: எந்த வருடம், எந்தச் சட்டம், எந்த முடிவு, யாருக்கு லாபம்? கல்விக்கடன் திட்டத்துக்குத் தேதி இருக்கிறது, அரசாணைக்கு எண் இருக்கிறது. மனிதர்கள் எடுத்த முடிவை மனிதர்கள் மாற்றவும் முடியும்.

மில்ஸ் சொன்ன மூன்று கேள்விகள் எவை?

இந்தச் சமூகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதன் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன? வரலாற்றில் அது எந்த இடத்தில் நிற்கிறது, எதிலிருந்து எதற்கு மாறிக்கொண்டிருக்கிறது? இந்தக் காலம் எந்த மாதிரியான ஆண்களையும் பெண்களையும் உருவாக்குகிறது?

முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதுதான் ருசியானது, அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சமூகம் நமக்கு வெளியே நின்று நம்மை இடிக்கிற சுவர் மட்டும் கிடையாது. நம் ஆசை, வெட்கம், பெருமை, பயம் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. டெலிவரி பையன் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாமல் ஒதுங்குகிறானே, "தம்பி இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து, அந்தக் கூச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அவன் தாத்தாவுக்கு 24 வயதில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பன் செய்த வேலையை மகன் செய்தான், அதில் கேட்க ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் சமையலறை வேலைக்காகத் தினமும் சண்டை. இதிலும் சமூகவியல் இருக்கிறதா?

இருக்கிறது, நிறையவே.

2019ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சொந்த வீட்டு வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்தவர்கள், அதற்கு ஒரு நாளில் செலவிட்ட சராசரி நேரம்: பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பையனாவது "97 நிமிஷம் பரவாயில்லையே சார்" என்பான். அங்கேதான் சூட்சுமம். அந்தச் சராசரி, வேலையில் கை வைத்தவர்களுக்கு மட்டும் எடுத்தது. கணக்கெடுத்த நாளில் வீட்டு வேலை ஏதாவது செய்த ஆண்கள் 26.1 சதவீதம்தான். பெண்களில் 81.2 சதவீதம். நாலு ஆண்களில் மூன்று பேர் அன்றைக்குத் தட்டைக்கூட நகர்த்தவில்லை என்று அர்த்தம்.

ஆக, உங்கள் வீட்டுச் சண்டை உங்கள் வீட்டுக்காரரின் சோம்பேறித்தனத்தைப் பற்றியது மட்டுமல்ல. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரி சோம்பேறிகள் ஒரே நேரத்தில் தற்செயலாகப் பிறந்துவிட முடியாது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய பாட்டிக்கு இட்லி என்பது பெரும்பாலும் பண்டிகைப் பலகாரம். ஊறவைத்து, உட்கார்ந்து, தோள்பட்டை வலிக்க ஆட்டி, மறுநாள் காலையில்தான் அவிக்க முடியும். கிரைண்டர் வந்தது. 2011க்குப் பிறகு ரேஷன் அட்டைக்காரர்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று அரசே கொடுத்தது. உடம்பு வலி குறைந்தது நிஜம். அதை லேசாக எண்ணக்கூடாது. ஆனால் இட்லி தினசரி டிபன் ஆனது. ஒரு சட்னி இரண்டானது. பிள்ளைக்கு ஸ்கூலுக்கு ஒரு டப்பா, அவருக்கு ஆபீசுக்கு ஒரு டப்பா, மாமியாருக்கு உப்பில்லாமல் தனி. அப்படி மிச்சமான நேரத்தையும் சமையலறையே விழுங்கியது. மெஷின் வந்தாலும் அதன் சுவிட்சைப் போடும் கை மாறவில்லை.

அப்புறம் மூன்றாவது கேள்வி: இந்த ஏற்பாடு எந்த மாதிரி மனிதர்களை உருவாக்குகிறது? சாப்பிட உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரைத் தேடாமல், அது வரும் என்று நம்புகிற மகனை. தனக்கு எந்தக் காய் பிடிக்கும் என்று கேட்டால் இரண்டு நிமிடம் யோசிக்கிற அம்மாவை. இருவருமே கெட்டவர்கள் இல்லை.

சரி, தீர்வு? வீட்டுக்குள் பாத்திரம் தேய்க்கும் முறையை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிள்ளையை விட ஒரு நல்ல காப்பகம், நேரத்துக்கு வரும் பஸ், தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் இதெல்லாம் புருஷன் பெண்டாட்டி பேசித் தீர்க்கிற விஷயங்கள் அல்ல.

எங்களுக்கு ஒரே குழந்தை. அது நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. இதில் சமூகம் எங்கே வந்தது?

நீங்கள்தான் முடிவெடுத்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அதே முடிவை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1970களின் தொடக்கத்தில் நான்கை ஒட்டி இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. உங்கள் பாட்டியும் ஒரு முடிவோடுதான் வாழ்ந்தார், ஆனால் அவர் முன்னால் இருந்த வழிகள் வேறு.

இடையில் என்ன நடந்தது? 1950களில் காமராஜர் ஆட்சியில் தொடங்கி 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தது. பெண் பிள்ளைகளையும் சேர்த்து. 1978ல் பெண்ணின் திருமண வயது 18 ஆனது. 1989ல் தொடங்கிய திருமண உதவித் திட்டம், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் பணம் என்றது. பிறந்த குழந்தைகள் பிழைத்தன. ஆறு பெற்றால் மூன்று தங்கும் என்ற கணக்கு தேவைப்படவில்லை. இன்னொரு பக்கம், பிள்ளையை வளர்க்கிற செலவு ஏறியது. ஸ்கூல் பீஸ் கட்டுகிற யாரையும் கேளுங்கள். வயலில் வேலை செய்த பிள்ளை வரவு. எல்கேஜி படிக்கிற பிள்ளை செலவு.

யார் உடம்பில் இந்த மாற்றம் நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை என்றாலே தமிழ்நாட்டில் ஏறக்குறைய பெண்களுக்கானதுதான்; ஆண்கள் செய்துகொள்வது மிக அரிது, அவர்களுக்கு அது சுலபமான சிகிச்சை என்றாலும். "நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு" என்ற வாக்கியத்தில் அந்தப் பகுதியை மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால்தான் பொதுப் பிரச்சினையா?

இல்லை. எண்ணிக்கை ஒரு துப்பு, அவ்வளவுதான். ஒரே ஒருவருக்கு நடந்தாலும் அமைப்பு முழுவதும் அதில் தெரியலாம்.

அம்பேத்கர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து, உதவித்தொகை கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து மிரட்டி வெளியேற்றியது. நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. ஒரு பொதுப் பூங்காவில் போய் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ரயிலேறி பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். ஒரு மனிதருக்கு வாடகை வீடு கிடைக்கவில்லை என்று சொன்னால் தனிப்பட்ட தொல்லை. அவர் யார், ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் ஒரு நாட்டின் அமைப்பே வந்து நிற்கிறது. பட்டம், வேலை, பணம் எதுவும் அதைத் தாண்ட உதவவில்லை என்பதுதான் அந்தச் சம்பவத்தின் பலம்.

இதே அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை 1916 மே மாதம் வாசித்தது கொலம்பியா பல்கலைக்கழகத்தில். மில்ஸ் பின்னாளில் பாடம் நடத்திய அதே இடம். அப்போது மில்ஸ் பிறந்திருக்கவில்லை, ஆகஸ்டில்தான் பிறந்தார்.

அப்படியென்றால் மில்ஸுக்கு முன்பே இப்படிப் பார்த்தவர்கள் இருந்தார்களா?

தாராளமாக. அமெரிக்காவில் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903லேயே, கறுப்பராக வாழ்வது உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்பதையும் அடிமை முறைக்குப் பிந்தைய தென் மாநிலங்களின் பொருளாதாரத்தையும் ஒரே புத்தகத்தில் எழுதினார். பிரான்சில் எமில் துர்கைம் 1897ல், தற்கொலை போன்ற மிக அந்தரங்கமான முடிவின் விகிதம்கூட நாட்டுக்கு நாடு, மதத்துக்கு மதம் வேறுபடுகிறது, ஆனால் ஒரே நாட்டில் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டினார். மில்ஸ் பெயர் வைத்தார், சண்டை போட்டார், எளிமையாகச் சொன்னார்.

அவரிடம் ஓட்டைகளும் உண்டு. இனப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நாட்டில் இருந்துகொண்டு அதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதினார். பெண்களின் வாழ்க்கையும் அவர் எழுத்தில் ஓரத்தில்தான் வருகிறது. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் இயக்கம் "சொந்த விஷயம்தான் அரசியல் விஷயம்" என்று முழங்கியபோது, மில்ஸ் திறந்த கதவின் வழியாகவே போய் அவர் பார்க்காத அறைகளைப் பார்த்தார்கள்.

அமெரிக்கர் சொன்னது நம் கிராமத்துக்குப் பொருந்துமா?

இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961–62ல் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்தார். அக்ரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்று ஊர் பிரிந்து கிடந்தது. ஒருகாலத்தில் உயர்சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. அவர் போன நேரத்தில் அவை தனித்தனியாகப் பிரிந்துகொண்டிருந்தன: நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போகும் அக்ரகாரத்துக் குடும்பங்கள், பஞ்சாயத்தில் புதிதாக மேலே வரும் கைகள். அந்த ஊரில் வீட்டை விற்ற ஒரு குடும்பத்துக்கு அது பாகப்பிரிவினைக் கதையாகத் தெரிந்திருக்கும். ஊருக்கு அது அதிகாரம் கைமாறிய கதை. பொருந்துமா என்று இனி நீங்களே சொல்லுங்கள்.

வெளிநாட்டில் என் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. இதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வரும். விசா படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம்மிடம் இருப்பதோ ஒரு இனிஷியல். அதை விரித்தால் அப்பா பெயர். ஏர்போர்ட்டில், ஆஸ்பத்திரியில், பிள்ளையின் பள்ளியில் எல்லாம் அவரைக் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து போவீர்கள்.

அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் வழக்கம் பழையது. ஆனால் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டமும் இருந்தது. 1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, அந்த வாலை வெட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் பள்ளிப் பதிவேடுகளிலிருந்து அது பெருமளவு மறைந்தது. இந்தியாவின் மற்ற பல மாநிலங்களில் இன்றும் அது குடும்பப் பெயராகத் தொடர்கிறது. உங்கள் எரிச்சல் ஒரு கட்டத்தைப் பற்றியது. அந்தக் கட்டத்தில் எழுத உங்களிடம் ஒன்றும் இல்லாமல் போனதற்குப் பின்னால் ஒரு இயக்கம் இருக்கிறது. சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். கல்யாண விளம்பரங்களைப் பார்த்தால் தெரியும், பெயரிலிருந்து மட்டும்தான் போனது.

சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் சொல்வதெல்லாம் பொய்யா?

முழுப் பொய் இல்லை. துண்டு போட்டு இடம் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள், அது சிலருக்கு உதவும். பஸ் ஏன் குறைவு என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த மாதம் அரங்கு நிறையாது.

மனச்சோர்வில் இருப்பவர் டாக்டரிடம் போவதா, சமூகவியல் படிப்பதா?

டாக்டரிடம் போக வேண்டும். தாமதிக்கவே வேண்டாம். பொதுக் காரணம் இருக்கிறது என்பதற்காக ஆளின் வலி குறைந்துவிடாது. ஆனால் ஒரே விடுதியில், ஒரே பயிற்சி மையத்தில் அடுத்தடுத்து பலர் சோர்ந்து விழுந்தால் ஒவ்வொருவருக்கும் மாத்திரை கொடுப்பதோடு நிறுத்தக்கூடாது. அந்த இடம் எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். இரண்டும் இரண்டு வேலை.

இது இடதுசாரி அரசியல்தானே?

மில்ஸ் இடதுசாரிதான், மறைக்கவில்லை. கியூபப் புரட்சியை ஆதரித்து 1960ல் புத்தகம் எழுதினார். எஃப்பிஐ அவர்மேல் கண் வைத்திருந்தது. ஆனால் அவர் பாடம் கற்றது மார்க்ஸிடம் மட்டுமல்ல; மாக்ஸ் வெபரின் எழுத்துகளை ஹான்ஸ் கெர்த்துடன் சேர்ந்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவர். இந்தப் பார்வை எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. ஆளுங்கட்சியாக இருப்பவர்களுக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் பிடிக்காது, எந்தக் கட்சியாக இருந்தாலும்.

யுபிஎஸ்சி சமூகவியல் விருப்பப் பாடத்தில் இதை எப்படி எழுதுவது?

மில்ஸின் வேலையின்மை உதாரணத்தை எல்லோரும் எழுதுவார்கள், திருத்துபவருக்கு அலுத்திருக்கும். இரண்டு வரியில் அதைச் சொல்லிவிட்டு, உங்கள் மாவட்டத்து விஷயம் ஒன்றை எடுங்கள். திருப்பூர் என்றால் பனியன் கம்பெனி, ராமநாதபுரம் என்றால் வளைகுடா வேலை. அதை மூன்று கேள்விகளிலும் போட்டுப் பாருங்கள். முடிவில் மில்ஸின் குறைகளையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

நானே செய்து பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

மில்ஸ் தன் புத்தகத்தின் பின்னிணைப்பில் மாணவர்களுக்குச் சொன்ன யோசனை ரொம்ப எளிது: ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். படித்தது, கேட்டது, பஸ்ஸில் காதில் விழுந்தது, உங்களுக்கே நடந்தது எல்லாவற்றையும் அதில் போடுங்கள். சொந்த அனுபவத்தையும் ஆய்வையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டாதீர்கள்.

நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் முதல் வேலை: வீட்டில் இருக்கும் மூன்று தலைமுறைப் பெண்களிடம் ஒரே மாதிரி சில விஷயங்களைக் கேட்டு வாருங்கள். எத்தனை வயதில் பள்ளியை விட்டீர்கள், நிறுத்தியது யார்? கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பார்த்தீர்களா? தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? முதன்முதலில் உங்கள் கையில் உங்கள் பணம் என்று வந்தது எப்போது? பாட்டி பெரும்பாலும் "என்னத்தக் கேக்கற, அதெல்லாம் அப்படித்தான்" என்று தட்டிக்கழிப்பார். விடாதீர்கள், வருடம் நினைவில்லை என்றால் "இந்திரா காந்தி செத்ததுக்கு முன்னாலா பின்னாலா" என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்.

பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், அந்த வருடத்தில் ஊரில் என்ன வந்தது என்று எழுதுங்கள்: பள்ளிக்கூடம், பஸ், கரண்ட், ஆழ்துளைக் கிணறு, மில், மகளிர் சுயஉதவிக் குழு. சில பதில்களுக்குப் பக்கத்தில் ஒன்றுமே பொருந்தாது. அக்கா படித்திருப்பார், தங்கையை நிறுத்தியிருப்பார்கள். அதே வீடு, அதே காலம். அந்த வரிகளைக் கோடு போட்டு வைத்து, அடுத்த வாரம் திரும்பவும் போய்க் கேளுங்கள். தங்கையையும் தனியாகக் கேளுங்கள், அக்கா பக்கத்தில் இல்லாதபோது.